1980களின் ஆர்கேட் அதிரடி ஆட்டங்கள்

ஆர்கேட் அதிரடி ஆட்டங்கள் என்பவை நாணயம் போட்டால் இயங்கும் ஆட்டப்பெட்டிகளுக்காக 1980களில் உருவாக்கப்பட்ட, அடிதடியையும் சுடுதலையும் மையமாகக் கொண்ட நிகழ்பட ஆட்டங்கள். குங்-ஃபூ மாஸ்டர் (1984), கமாண்டோ (1985), கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் (1985), கான்ட்ரா (1987), டபுள் டிராகன் (1987), ஷினோபி (1987), ஃபைனல் ஃபைட் (1989) ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. இவற்றுள் பெரும்பாலானவை ஜப்பானில் உருவானவை. இரேம், கேப்காம், கொனாமி, டெக்னோஸ், சேகா போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்தன.

தமிழகத்தில் இந்த ஆட்டங்களைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இவற்றின் மூலப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சியில் இணைக்கும் சிறு கருவியில், 'கேசட்' போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடியவர்களே அதிகம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காசு வாங்கும் முறை மாறியபோது ஆட்டமும் மாறிவிட்டது. இன்று இவற்றை மீண்டும் ஆடிப் பார்ப்பவர்களில் பலர் "இவ்வளவு கடினமாகவா இருந்தது?" என்று வியப்பதற்கும், வேறு சிலர் "அரை மணியில் முடிந்துவிட்டதே" என்று சலிப்பதற்கும் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் இருப்பது

ஆர்கேட் பெட்டி என்பது ஒரு மரக்கூடு. அதனுள் ஒரு வண்ணத் திரை, ஜாய்ஸ்டிக், இரண்டு அல்லது மூன்று பொத்தான்கள், நாணயத் துளை, மின்வழங்கி, இவற்றோடு ஆட்டத்தைத் தாங்கிய ஒரு சர்க்யூட் போர்டு ஆகியவை இருக்கும். ஆட்டம் என்பது அந்தப் போர்டுதான். மற்றவை அதற்கான உடுப்பு. 1980களின் நடுவில் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சங்கம் போர்டையும் பெட்டியையும் இணைக்க 56 முனைகள் கொண்ட ஒரு பொது இணைப்பியை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச்சுருக்கமான 'ஜாம்மா' என்பதே அந்த இணைப்பிக்கும் பெயரானது. அதன்பின் கடைக்காரர் புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். நகல் போர்டுகள் ஆசியா முழுவதும் பரவியதற்கும் இந்த வசதியே பெரிதும் உதவியது.

போர்டின் மூலையில் சிறு வெள்ளை நெம்புகள் வரிசையாக இருக்கும். இவை டிப் சுவிட்சுகள். ஒரு நாணயத்துக்கு எத்தனை ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை உயிர், எதிரிகள் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும், எத்தனை புள்ளிக்கு ஓர் உயிர் இலவசம் என்பவற்றை இந்த நெம்புகளைக் கொண்டு கடைக்காரரே தீர்மானிப்பார். ஆகவே ஒரே ஆட்டம் ஒரு கடையில் எளிதாகவும் அடுத்த தெருவில் கடினமாகவும் இருக்கக்கூடும். ஆட்டத்தை வடிவமைத்தவருக்கும் ஆடுபவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை இருந்தது என்பதைப் பழைய ஆட்டங்களின் கடினத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நாணயம் வகுத்த இலக்கணம்

அமெரிக்காவில் ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட், ஜப்பானில் 100 யென் என்பதே வழக்கமான விலை. இந்த விலை எளிதில் ஏறவில்லை. நாணயத் துளை ஒரே வகை நாணயத்துக்கு அமைந்தது, ஆடுபவரின் மனமும் அதற்கே பழகியிருந்தது. விலையை ஏற்ற முடியாதபோது வருமானத்தைக் கூட்ட ஒரே வழிதான் உண்டு: ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். ஆனால் மிகச் சீக்கிரம் முடிந்தால் ஆடுபவர் ஏமாந்ததாக நினைத்து மறுமுறை வரமாட்டார். "இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தாண்டியிருப்பேன்" என்ற எண்ணத்தோடு அவர் சாக வேண்டும். வடிவமைப்பாளர்களின் திறமை முழுவதும் இந்தக் குறுகிய இடைவெளியில்தான் வேலை செய்தது.

இதன் மிக வெளிப்படையான வடிவம் அட்டாரி கேம்ஸ் 1985இல் வெளியிட்ட கான்ட்லெட். எட் லாக் வடிவமைத்த இந்த ஆட்டத்தில் நால்வர் ஒரே திரையில் ஆடலாம். எதிரி யாரும் தொடாவிட்டாலும் ஒவ்வொருவரின் உயிராற்றலும் நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். இன்னொரு நாணயம் போட்டால் ஆற்றல் கூடும். சும்மா நிற்பதற்கும் வாடகை கேட்ட ஆட்டம் இது.

மற்ற ஆட்டங்கள் இதையே நாசூக்காகச் செய்தன. திரையின் மேல் ஓடும் கடிகாரம் அவற்றில் ஒன்று. குங்-ஃபூ மாஸ்டரில் பத்திரமான மூலையில் நின்றுகொண்டிருந்தால் நேரம் முடிந்து உயிர் போய்விடும். கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் இன்னும் இரக்கமற்றது. டோகுரோ ஃபுஜிவாரா உருவாக்கிய இந்த ஆட்டத்தில் வீரன் ஆர்தர் முதல் அடியில் கவசத்தை இழந்து உள்ளாடையோடு நிற்பான். இரண்டாம் அடியில் எலும்புக் குவியலாவான். எல்லாக் கட்டங்களையும் தாண்டி இறுதி எதிரியை வீழ்த்தினால், நடந்ததெல்லாம் மாயை என்று கூறி ஆட்டம் முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்பும். இரண்டாம் முறையும் முடித்தால்தான் உண்மையான முடிவு.

'தொடரலாமா?' என்று கேட்டு ஒன்பதிலிருந்து சுழியம் வரை எண்ணும் திரை 1980களின் பிற்பாதியில் பரவலானது. அதற்கு முன் செத்தால் முதலிலிருந்துதான். தொடரும் வசதி வந்தபின் திறமை குறைந்தவரும் காசு இருந்தால் முடிவைப் பார்க்க முடிந்தது. வடிவமைப்பாளர்கள் அதற்கேற்பப் பிற்பகுதிக் கட்டங்களை மேலும் கடுமையாக்கினார்கள். ஃபைனல் ஃபைட் போன்ற ஆட்டங்களின் பிற்பகுதிகளில் எதிரிகள் திரளாக வந்து இருபுறமும் சூழ்வதன் பின்னே இந்தக் கணக்கும் இருக்கிறது.

ஐந்து மாடியிலிருந்து தெருவுக்கு

அடிதடி ஆட்டங்களின் வரிசை இரேம் நிறுவனத்துக்காக டகாஷி நிஷியாமா வடிவமைத்த குங்-ஃபூ மாஸ்டரிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஜப்பானில் இது ஜாக்கி சான் படமொன்றின் ஜப்பானியப் பெயரான ஸ்பார்ட்டன் எக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. ஆனால் மாடிக்கு ஒரு காவலன் என ஏறிச் செல்லும் அமைப்பு புரூஸ் லீயின் கேம் ஆஃப் டெத் படத்தை நினைவுபடுத்துவது. தாமஸ் என்ற வீரன் ஐந்து மாடிகள் ஏறிக் காதலி சில்வியாவை மீட்க வேண்டும். பொத்தான்கள் இரண்டே: குத்து, உதை. உதை தூரம் எட்டும். குத்துக்குப் புள்ளி அதிகம். நெருங்கிக் குத்தினால் லாபம், ஆனால் நெருங்கினால் எதிரிகள் கட்டிப்பிடித்து ஆற்றலை உறிஞ்சுவார்கள். இவ்வளவு எளிய விதியில் ஒவ்வொரு விநாடியும் ஆடுபவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வரிசையில் இன்றும் பழசாகாத ஆட்டம் இதுவே என்று கட்டுரையாளர் கருதுகிறார்.

நிஷியாமா பின்னர் கேப்காமில் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை (1987) இயக்கினார். அங்கிருந்து எஸ்.என்.கே. நிறுவனத்துக்குச் சென்று ஃபேட்டல் ஃப்யூரியை உருவாக்கினார். ஒருவருக்கொருவர் மோதும் சண்டை ஆட்டங்களின் பெரிய கிளை இவ்வாறு இவர் வழியாகவே பிரிந்தது.

இன்னொரு கிளை டெக்னோஸ் நிறுவனத்தின் யோஷிஹிசா கிஷிமோட்டோவால் வளர்ந்தது. இவர் தம் பள்ளிக்கால அடிதடி அனுபவங்களை வைத்து 1986இல் குனியோ என்ற மாணவனைக் கதைத்தலைவனாகக் கொண்ட ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். மேற்கு நாடுகளுக்கு அது ரெனிகேட் என்ற பெயரில், உடையும் பின்னணியும் மாற்றப்பட்டுச் சென்றது. இடம் வலம் மட்டுமின்றித் தெருவின் ஆழத்திலும் நடக்கலாம் என்பது இதன் புதுமை. அடுத்த ஆண்டு அவர் செய்த டபுள் டிராகன் அத்துடன் இரண்டாவது ஆட்டக்காரரையும் சேர்த்தது. பில்லி, ஜிம்மி என்ற சகோதரர்கள் தோளோடு தோள் நின்று தெருவைத் துப்புரவாக்குவார்கள். எதிரியின் கையிலிருந்து விழும் மட்டை, கத்தி, சாட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். இருவரும் உயிரோடு இறுதிவரை வந்துவிட்டால், மீட்கப்பட்ட மேரியனுக்காக அவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டும். அதுவரை கூட ஆடிய நண்பன் அந்த நொடியில் எதிரியாவான்.

டபுள் டிராகன் குறைகளற்ற ஆட்டமன்று. திரையில் ஆட்கள் கூடினால் போர்டு திணறி எல்லாம் மெதுவாகும். பின்புறம் முழங்கையால் இடிக்கும் ஓர் அடி மிகையான வலிமை கொண்டது. அதை மட்டும் கற்றவர் பெரும்பகுதி ஆட்டத்தைக் கடந்துவிடலாம். கதை தொடக்கமும் இன்றைய கண்ணுக்கு உறுத்துகிறது: மேரியன் வயிற்றில் குத்துப்பட்டுத் தோளில் தூக்கிச் செல்லப்படுகிறாள், அத்தோடு கிட்டத்தட்ட முடிவு வரை காணாமற்போகிறாள். பெண்ணை மீட்கும் பொருளாக மட்டும் வைப்பது அந்தப் பத்தாண்டின் பொதுப்பழக்கம்.

சுடும் ஆட்டங்களின் வரிசை சுருக்கமானது. கமாண்டோவில் தனி வீரன் மேல்நோக்கி முன்னேறுகிறான். எஸ்.என்.கே.யின் இகாரி வாரியர்ஸ் (1986) அங்கே இருவரை நிறுத்தியது. கொனாமியின் கிரீன் பெரே (1985) பக்கவாட்டில் ஓடும். அதில் முதன்மை ஆயுதம் கத்திதான். இவை எல்லாம் சேர்ந்து பழுத்த இடம் கான்ட்ரா. ஒரே தோட்டா பட்டாலும் உயிர் போகும். ஆனால் குதித்தபடியே எட்டுத் திசையிலும் சுடலாம் என்பதால் ஆடுபவருக்குக் கைகட்டப்பட்ட உணர்வு வருவதில்லை. பறந்து வரும் பெட்டியைச் சுட்டால் விழும் 'எஸ்' எழுத்தை எடுத்தால் தோட்டாக்கள் விசிறிபோல் விரியும். அந்த எழுத்துக்காகப் பக்கத்து ஆட்டக்காரரோடு போட்ட சண்டை பலருக்கு நினைவிருக்கும்.

ஜோடிக் கூலியும் மணி வாடகையும்

நிண்டெண்டோ 1983 சூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீட்டுக்கருவிக்கு மேற்கண்ட ஆட்டங்களில் பலவும் மாற்றி எழுதப்பட்டன. அக்கருவியையும் அதன் நகல்களையும் ஒட்டிய இயந்திரங்கள்தாம் இந்தியாவில் பரவின. சாமுராய், மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்கள் அக்காலத்தவர்க்குப் பழக்கமானவை. 1990களில் விலை மலிந்த நகல் கருவிகள் பெருகின. ஒரே கேசட்டில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் சில ஆட்டங்களே, தொடக்கக் கட்டத்தையோ உயிர் எண்ணிக்கையையோ மாற்றி, வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே காசு வாங்கும் முறை மாறியது. இந்தக் கருவியில் நாணயத் துளை இல்லை. ஆகவே கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து வாடகை வாங்கினார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஷூவின் மேற்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்களுக்குக் கூலி ஜோடிக் கணக்கு. கம்பெனிக்குள் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு நேரக் கணக்கு. ஜோடிக் கணக்கில் தாமதத்தின் நட்டம் தைப்பவருடையது, நேரக் கணக்கில் அது கம்பெனியுடையது. ஆர்கேட் பெட்டியும் பீஸ் ரேட்டுக்கு உழைத்தது. ஒருவர் நீண்ட நேரம் சாகாமல் ஆடினால் நட்டம் பெட்டிக்காரருக்கு. மணி வாடகையில் அவருக்கு அந்தக் கவலை இல்லை. பையன் பத்து முறை செத்தாலும் ஒரு முறையும் சாகாவிட்டாலும் வரும் தொகை ஒன்றே.

ஆனால் ஆட்டத்தின் உள்ளே இருந்த கடினம் நாணயக் காலத்தின் மிச்சமாக அப்படியே இருந்தது. வாங்குபவர் ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவும் தயாரிப்பாளர்கள் அதைப் பெரிதாகக் குறைக்கவில்லை. மணி வாடகைக்கு ஆடுபவருக்கோ சாவைவிடப் பெரிய பகை கடிகாரம். முதல் கட்டத்தையே மீண்டும் மீண்டும் ஆடிக்கொண்டிருந்தால் கொடுத்த காசு வீண். அதனால்தான் 30 உயிர் தரும் குறிப்பு அவ்வளவு வேகமாகப் பரவியது: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதை உருவாக்கியவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கும் அளவுக்குக்கூட அதைத் தம்மால் ஆட முடியாததால் இந்தக் குறுக்குவழியை வைத்தார்; பின்னர் அது நீக்கப்படாமலே வெளிவந்தது. அதே விசைவரிசையை நிறுவனம் கான்ட்ராவிலும் சேர்த்தது. ஹஷிமோட்டோ 2020இல் காலமானார்.

இருவர் ஆடினாலும் பல கடைகளில் வாடகை ஒன்றுதான். ஆகவே பாதிப் பாதி போட்டு ஒரே நேரத்தில் இருவர் ஆடக்கூடிய ஆட்டத்துக்கு மதிப்புக் கூடியது. நாணயப் பெட்டியிலோ இரண்டாமவர் சேர்ந்தால் இரண்டாம் நாணயம் விழுந்தாக வேண்டும். வீட்டுக்கருவிக்கான டபுள் டிராகனில் (1988) இருவர் சேர்ந்து கதையை ஆட முடியாது, மாறி மாறித்தான் ஆடலாம். கான்ட்ராவில் முடியும். நம் ஊர்களில் டபுள் டிராகனைவிடக் கான்ட்ராவின் பெயர் ஆழமாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூலப் பெட்டியிலிருந்து இந்த வடிவம் தொழில்நுட்பத்திலும் வேறுபட்டது. ஷினோபி, ஃபைனல் ஃபைட் போன்றவை மோட்டரோலா 68000 என்ற 16 பிட் வகைச் செயலியில் ஓடியவை. ஃபேமிகாமின் செயலி 8 பிட், வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட். நகரும் உருவத்துண்டுகள் திரையில் மொத்தம் 64தான் இருக்கலாம். ஒரே கிடைக்கோட்டில் 8க்கு மேல் வந்தால் மிச்சம் தெரியாது. எந்தத் துண்டும் ஒரேயடியாக மறைந்துவிடாதபடி நிரல் அவற்றை முறைவைத்து மறைக்கும். பலர் ஒரே மட்டத்தில் நிற்கும்போது அவர்கள் மினுமினுத்தது இதனால்தான். கேசட்டில் தூசி என்று ஊதியதால் இதற்கு எந்தப் பயனும் இல்லை.

வேகத்திலும் ஒரு மாற்றம் உண்டு. ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி விநாடிக்கு சுமார் 60 முறை படம் தீட்டும். இந்தியா பின்பற்றிய பால் முறையில் 50 முறை. அக்கால ஆட்டங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஆகவே 60க்கு எழுதிய ஆட்டம் 50க்கு அமைந்த கருவியில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் அப்படியே. அத்தகைய கருவியில் பழகிய ஒருவர் இன்று மூல வேகத்தில் கான்ட்ராவை ஆடிப் பார்த்துத் தடுமாறினால், வயதை மட்டும் குறைசொல்ல வேண்டியதில்லை.

ஆர்கேட் பெட்டிகள் இந்திய நகரங்களுக்கு வராமல் இல்லை. 1993இல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், அதன் கதைமாந்தர் ஒருவரின் பெயரால் 'முஸ்தபா' என்றே இந்தியாவில் அழைக்கப்பட்டது. டபுள் டிராகன் வழிவந்த ஆட்டம் அது. காலத்தால் இக்கட்டுரைக்கு வெளியே நிற்கிறது.

இன்று ஆட விரும்புவோருக்கு

மூல போர்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. மின்தேக்கிகள் கசிகின்றன, நினைவகச் சில்லுகள் செயலிழக்கின்றன. நகலெடுப்பதைத் தடுக்க சேகா தன் சில போர்டுகளில் மறையாக்கம் செய்த செயலியை வைத்தது. அதன் திறவுகோல் ஒரு மின்கலத்தின் துணையால்தான் நினைவில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. சேகரிப்பாளர்கள் இதைத் தற்கொலை மின்கலம் என்பார்கள். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கியவரின் பொருளையும் சேர்த்துக் கொன்றது.

இவற்றைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு மேம் என்ற மென்பொருளுக்கு உண்டு. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய போர்டின் ஒவ்வொரு சில்லும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் அப்படியே நடித்துக் காட்டுவது இதன் வேலை. மறையாக்கம் செய்த போர்டுகளின் பூட்டுகளும் இப்பணியின் ஊடாகவே உடைக்கப்பட்டன. 2016இல் மேம் கட்டற்ற மென்பொருளானது. ஆனால் மென்பொருள் கட்டற்றது என்பதால் ஆட்டங்களும் கட்டற்றவை ஆகிவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையில் சேர்த்துக் காக்கிறது. 1980களின் ஆட்டங்கள் இன்னும் அந்தக் காப்புக்குள்தான் இருக்கின்றன. உரிமையோடு ஆட விரும்புவோருக்கு கொனாமியின் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் (2019), கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் (2021) போன்ற தொகுப்புகள் உள்ளன.

இத்தகைய வடிவங்களில் நாணயம் ஒரு விசையாகிவிட்டது. அழுத்த அழுத்த ஆட்டம் தொடரும். அப்படி ஆடினால் ஃபைனல் ஃபைட் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மனத்தில் எதுவும் தங்காது. தொடரும் விசையைத் தொடாமல் ஒரே நாணயத்தில் முடிக்க முயல்வதை ஆர்வலர்கள் ஒரு தனி ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குவோர் கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸில் கைவைக்க வேண்டாம். குங்-ஃபூ மாஸ்டர் பொருத்தமானது: முதல் மாடியில் வலமிருந்து இடமாக நடக்க வேண்டும், இறுதியில் தடி வைத்திருப்பவன் நிற்பான், அவனிடம் எட்டி நிற்காமல் ஒட்டிப்போய் அடிக்க வேண்டும். மாடிகள் ஐந்தும் ஏறப் பத்து நிமிடம் போதும். சில்வியாவை மீட்டதும் ஆட்டம் முடிவதில்லை. மீண்டும் முதல் மாடி, எதிரிகள் முன்னிலும் கடுமையாக.